கோல் வாசலின் வாத்தியார்

1972 செப்டம்பர் 2. மான்ட்ரியல் ஃபோரம் அரங்கம். கனடாவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி நட்சத்திரங்களும் சோவியத் தேசிய அணியும் முதன்முறையாக நேருக்கு நேர் மோதப்போகும் நாள். மொத்தம் எட்டு ஆட்டங்கள். எட்டையும் கனடாவே அள்ளிக்கொண்டு போகும் என்று அந்நாட்டுப் பத்திரிகைகளில் பலர் எழுதியிருந்தார்கள். சோவியத் அணியின் கோல் கீப்பர் விளாதிஸ்லாவ் திரெத்தியாக்குக்கு வயது 20. ஆட்டத்துக்கு முன்பு அவருடைய அணியின் அறைக்குள் மொழிபெயர்ப்பாளரோடு ஒரு கனடாக்காரர் நுழைந்தார். பையனை உட்காரவைத்து, பலகையில் படம் வரைந்து பாடம் நடத்த ஆரம்பித்தார். ஃபிராங்க் மஹோவ்லிச் எங்கிருந்து வேண்டுமானாலும் அடிப்பார், அவர் வந்தால் வலையை விட்டு நன்றாக வெளியே வா. இவான் கூர்னுவாயே மின்னல் வேகக்காரர். டென்னிஸ் ஹல் மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்தே கோல் போடக்கூடியவர். எல்லாரையும்விட ஆபத்தானவர் ஃபில் எஸ்போசிட்டோ.

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று சோவியத் அணி 7-3 என்று வென்றது. கனடாவே உறைந்துபோனது.

அந்த மனிதரின் பெயர் ஜாக் பிளான்ட். அப்போது அவருக்கு 43 வயது. ஓய்வு பெற்ற கிழவர் என்று நினைத்துவிடாதீர்கள், டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்குக் கோல் கீப்பராக ஆடிக்கொண்டிருந்தார். சொந்த நாட்டை எதிர்த்து ஆடவந்த பையனுக்கு ஏன் உதவினார் என்பது தனக்குப் பிடிபடவே இல்லை என்று திரெத்தியாக் பின்னாளில் நன்றியோடு எழுதினார். எனக்கு அதில் பெரிய புதிர் தெரியவில்லை. கோல் வாசலில் தனியாக நிற்கப்போகும் 20 வயதுப் பையனை அவரால் வெறுமனே அனுப்ப முடியவில்லை. பிளான்ட்டின் 46 வயது வரை நீண்ட ஆட்ட வாழ்க்கையைப் பார்த்தால், அவர் கோல் காத்ததைப் போலவே கோல் காக்கும் வித்தையையும் காத்தார் என்பது தெரியும்.

ஐஸ் ஹாக்கி பற்றிப் பேசுகிறவர்கள் பிளான்ட்டின் பெயரோடு உடனே சேர்த்துச் சொல்வது முகமூடியைத்தான். அந்தக் கதையைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுதவே முடியாது. ஆனால் முகமூடி அவருடைய கதையின் ஒரு பகுதிதான்.

மரவேரில் செதுக்கிய மட்டை

கியூபெக் மாகாணத்தில் மோன்கார்மெல் என்ற ஊருக்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் 1929 ஜனவரி 17 அன்று பிளான்ட் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். குடும்பம் ஷாவினிகன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவுக்கு அங்கே அலுமினிய ஆலையில் வேலை. காசு தட்டுப்பாடான வீடு. குளிருக்கான கம்பளித் தொப்பி, காலுறை எல்லாம் வீட்டிலேயே பின்னிக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் பின்னல் கற்ற பிளான்ட், புகழின் உச்சியில் இருந்தபோதும் ரயில் பயணங்களில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார். தன் தொப்பிகளையும் உள்பனியன்களையும் தானே பின்னிக்கொள்வார்.

சிறுவயதிலேயே ஆஸ்துமா. பனித்தரையில் ஸ்கேட் கட்டிக்கொண்டு நீண்ட நேரம் ஓட முடியாது, மூச்சு வாங்கும். அதனால்தான் ஒரே இடத்தில் நிற்கிற கோல் கீப்பர் வேலை அவருக்கு வாய்த்தது. முதல் மட்டையை அப்பா ஒரு மரத்தின் வேரிலிருந்து செதுக்கிக் கொடுத்தார். கால் காப்பு என்பது உருளைக்கிழங்குச் சாக்கில் பொதி அடைத்து, பலகை வைத்துக் கட்டியது. பன்னிரண்டு வயதில் பள்ளி அணியின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயிற்சியாளரோடு சண்டை போட்டுக்கொண்டு கோல் கீப்பர் வெளியேற, அந்த இடத்தில் நான் நிற்கிறேன் என்று முன்வந்தார். மற்றவர்கள் எல்லாம் பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள். அன்று பிடித்த இடத்தை அவர் விடவில்லை. கொஞ்ச காலத்தில் ஆலை அணி ஒன்றுக்கு ஆட ஆட்டத்துக்கு 50 சென்ட் வாங்கினார். அவருடைய முதல் சம்பளம் அது.

நோயும் வறுமையும் அவரிடம் ஒரு பழக்கத்தை வளர்த்திருந்தன. எதையும் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ள மாட்டார், தனக்கு ஏற்றபடி செய்துகொள்வார். கியூபெக் சிட்டடெல்ஸ் என்ற ஜூனியர் அணியில் ஆடியபோது அந்தப் பழக்கம் ஆட்டத்துக்குள்ளும் வந்தது. தடுப்பாட்டக்காரர்கள் தேறாதவர்கள். பின்னோக்கிச் சறுக்கத் தெரியாதவர்கூட அவர்களில் உண்டு என்று பிளான்ட் பின்னர் சொல்வதுண்டு. எதிரணி பக் என்ற ரப்பர் வட்டை வலைக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஓடிவரும்போது அதை எடுக்க இவர்கள் போய்ச் சேரமாட்டார்கள். சரி, நானே எடுக்கிறேன் என்று பிளான்ட் வலையை விட்டுக் கிளம்பினார்.

இதில் என்ன இருக்கிறது என்று இன்று தோன்றும். அன்று கோல் கீப்பர் என்பவர் வாசலில் கட்டிப்போட்டது போல நிற்கவேண்டியவர். வலையின் அகலம் 6 அடி, உயரம் 4 அடி. அதற்கு முன்னால் நின்று வருவதைத் தடுப்பதுதான் வேலை. பிளான்ட் வலைக்குப் பின்னால் போய், பலகைச் சுவரை ஒட்டி உருண்டுவரும் பக்கை நிறுத்தி, தன் அணிக்காரர் எடுத்துக்கொண்டு ஓட வசதியாக வைத்துவிட்டுத் திரும்புவார். தாக்குதலுக்கு வந்தவர்களின் ஓட்டம் வீணாகும், தன் அணியின் ஆட்டம் அங்கிருந்தே தொடங்கும். முன்னால் யார் வருகிறார்கள் என்று தடுப்பாட்டக்காரர்களுக்குக் குரல் கொடுப்பார். எதிரணி நடுக்கோட்டுக்கு அப்பாலிருந்தே பக்கை நீளமாகத் தள்ளிவிட்டால் நடுவர் விசில் ஊதுவார். அதை முன்கூட்டியே தன் ஆட்களுக்குத் தெரிவிக்கக் கையை உயர்த்துவார். வலையை விட்டுச் சில அடி முன்னே வந்தால் அடிக்க வருபவருக்குத் தெரியும் இடைவெளி சுருங்கும் என்ற கணக்கையும் விடாமல் பழகினார். பயிற்சியாளர்களுக்கு அடிவயிறு கலங்கியது. ஆட்டம் மட்டும் அவர் பக்கம் சாய்ந்தது.

பனித்தரையின் பேரரசு

1953 வசந்தத்தில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி, வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை அரையிறுதியில் சிகாகோவிடம் 2-3 என்று பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் டிக் இர்வின் துணிந்து 24 வயது பிளான்ட்டை இறக்கினார். பதற்றத்தில் ஸ்கேட்டின் கயிற்றைக்கூடக் கட்ட முடியாமல் கை நடுங்கியது என்பார்கள். அந்த ஆட்டத்தில் பிளான்ட் ஒரு கோல்கூட விடவில்லை. தொடரையும் பிறகு கோப்பையையும் மான்ட்ரியல் வென்றது.

அடுத்து வந்தது பொற்காலம். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை ஸ்டான்லி கோப்பை. அந்தச் சாதனையை இன்றுவரை எந்த அணியும் எட்டவில்லை. மோரீஸ் ரிச்சர்ட், ஜான் பெலிவோ, பெர்னி ஜெஃப்ரியோன், டக் ஹார்வி என்று அணி முழுக்கப் பெருந்தலைகள். குறைந்த கோல் விட்ட அணியின் கோல் கீப்பருக்கு அந்தக் காலத்தில் தரப்பட்ட வெசினா விருது அந்த ஐந்து ஆண்டும் பிளான்ட்டுக்கே போனது. இப்படிப்பட்ட அணிக்குப் பின்னால் யார் நின்றாலும் விருது வாங்கலாம் என்ற பேச்சும் கூடவே வந்தது. அதற்கு அவர் பதில் சொன்ன ஆண்டு 1961-62. ரிச்சர்ட் ஓய்வு பெற்றுவிட்டார், ஹார்வி நியூயார்க் போய்விட்டார், பெலிவோவுக்குக் காயம். முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடித்துத் திரும்பிய பிளான்ட் அந்தப் பருவத்தின் 70 ஆட்டங்களிலும் நின்றார். ஆறாவது வெசினா கிடைத்தது. லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு கோல் கீப்பர் அந்த விருதைத் தொட 1997 வரை, டொமினிக் ஹாஷெக் வரும்வரை, காத்திருக்கவேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு இரவு

இப்போது முகமூடிக்கு வருவோம்.

பக் என்பது கெட்டிப்படுத்திய ரப்பரால் ஆன வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குலக் கனம், எடை 156 முதல் 170 கிராம் வரை. நம் கிரிக்கெட் பந்தும் கிட்டத்தட்ட அதே எடைதான். அந்தப் பந்தை எதிர்கொள்ளும் பேட்ஸ்மேனுக்கு 22 கெஜ தூரம் இருக்கிறது. கோல் கீப்பருக்குப் பல நேரம் அதில் பாதிகூடக் கிடைக்காது. முன்னால் நிற்கும் ஆட்களின் கால்களுக்கு நடுவிலிருந்து, பார்வைக்கே தெரியாமல், யாருடைய மட்டையிலோ பட்டுத் திசை மாறியும் வரும். 1950களில் மட்டையை ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட் பரவியபோது வேகம் எகிறியது. இத்தனைக்கும் கோல் கீப்பர்களின் முகம் வெறுமையாக இருந்தது.

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1927இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக மாணவி எலிசபெத் கிரஹாம் வாள்சண்டைக்கான வலை முகமூடியை அணிந்து கோல் காத்தார். 1930இல் கிளின்ட் பெனடிக்ட் மூக்கு உடைந்த பிறகு தோல் முகமூடி ஒன்றைக் கட்டிக்கொண்டு சில ஆட்டங்கள் ஆடினார். பார்வையை மறைக்கிறது என்று கழற்றிவிட்டார். அதோடு சரி. கண்ணை மறைக்கும் என்பது வெளியே சொன்ன காரணம். முகமூடி போட்டால் பயந்தவன் என்று ஊர் சொல்லும் என்பது உள்ளே இருந்த காரணம். ரசிகைகள் முகத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள், முகமூடியை அல்ல என்று நியூயார்க் ரேஞ்சர்ஸ் மேலாளர் மஸ் பேட்ரிக் வெளிப்படையாகவே எதிர்த்தார். பிறர் முகம் கிழிவதில் தன் வியாபாரத்தைப் பார்த்த அந்தப் பேச்சை இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் காலத்துக் கோல் கீப்பர்கள் எதை விலையாகக் கொடுத்தார்கள் என்பதற்கு டெர்ரி சாச்சக் சாட்சி. 1966இல் 'லைஃப்' பத்திரிகை அவர் முகத்தில் அதுவரை விழுந்த தையல்களையெல்லாம் ஒப்பனைக் கலைஞரைக் கொண்டு வரைந்து படம் வெளியிட்டது. அதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பிளான்ட்டின் கணக்கும் குறைந்ததில்லை. இரண்டு கன்ன எலும்புகளும் உடைந்தன. மூக்கு பலமுறை உடைந்தது. தாடையிலும் மண்டையிலும் விரிசல். தையல் 200ஐத் தொட்டது. பயிற்சியின்போது சில ஆண்டுகளாகவே முகமூடி அணிந்துவந்தார். பில் பர்ச்மோர் என்ற ஃபைபர்கிளாஸ் நிறுவன ஊழியர், பிளான்ட் நெற்றியில் அடிபட்டு விழுந்ததைப் பார்த்தபின், முகத்தோடு ஒட்டி நிற்கும் முகமூடி செய்து தருவதாக எழுதினார். முகத்தில் வாசலின் தடவி, மூக்கில் மூச்சுக்கு உறிஞ்சுகுழாய் செருகி, மாவுக்கட்டுச் சாந்தில் அச்சு எடுத்தார்கள். ஆஸ்துமாக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆட்டத்தில் அதைப் போட மட்டும் பயிற்சியாளர் டோ பிளேக் அனுமதிக்கவில்லை. கால் அருகே வரும் பக் தெரியாமல் போகும், கோல் கீப்பரின் விழிப்பும் மழுங்கிவிடும் என்பது அவர் வாதம். முன்னாள் ஆட்டக்காரரான பிளேக் தீயவர் இல்லை. தன் காலத்தின் நம்பிக்கையைச் சுமந்தவர்.

1959 நவம்பர் 1. நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். ஆட்டம் தொடங்கி மூன்றே நிமிடம். ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர் ஆண்டி பாத்கேட் அடித்த பக் பிளான்ட்டின் மூக்கோரத்தைக் கிழித்தது. சற்று முன்பு தன்னைப் பிளான்ட் இடறிவிட்டதற்காக வேண்டுமென்றே முகத்தைக் குறிவைத்தேன் என்று பாத்கேட் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். ரத்தம் பனித்தரையில் சொட்ட, பிளான்ட்டை உள்ளே கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். அந்தக் காலத்தில் அணிகள் மாற்றுக் கோல் கீப்பரைக் கூடவே அழைத்துவருவதில்லை. அவசரத்துக்கு அரங்கத்தார் யாரையாவது நிறுத்துவார்கள். அவ்வளவுதான். அது பிளான்ட்டுக்கும் தெரியும், பிளேக்குக்கும் தெரியும். முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்றார் பிளான்ட். பிளேக் வாதாடிப் பார்த்தார். வேறு வழியில்லாமல், காயம் ஆறும்வரை என்று இறங்கிவந்தார்.

சுமார் இருபது நிமிடம் கழித்து, தோல் நிறத்தில் கண்ணுக்கும் வாய்க்கும் துளைவிட்ட முகமூடியோடு பிளான்ட் வெளியே வந்தபோது அரங்கம் வாயடைத்துப்போனது. அன்று மான்ட்ரியல் 3-1 என்று வென்றது. தொடர்ந்து தோல்வியே இல்லாமல் ஓடியது. காயம் ஆறிவிட்டதே, கழற்று என்று சொல்ல பிளேக்குக்கு முகாந்திரம் கிடைக்கவில்லை. 1960 மார்ச் 8 அன்று பிளேக் கேட்டுக்கொண்டதற்காக ஒரே ஒரு ஆட்டம் கழற்றினார். டெட்ராய்ட்டிடம் 0-3 தோல்வி. மறு ஆட்டத்திலேயே முகமூடி திரும்பியது. அந்த வசந்தத்தில் எட்டு ஆட்டங்களில் எட்டையும் வென்று மான்ட்ரியல் கோப்பையை எடுத்தது. கடைசி ஆட்டத்தில் டொரான்டோவால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

பயந்துவிட்டாயா என்று கேட்டவர்களிடம், விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதித்தால் அதைத் தைரியம் என்பீர்களா என்று பிளான்ட் திருப்பிக் கேட்டாராம். அதைவிட முக்கியமானது அவர் பிறகு செய்தது. கியூபெக்கின் மாகோக் நகரில் ஃபைப்ரோஸ்போர்ட் என்று ஒரு நிறுவனம் தொடங்கி, மற்றக் கோல் கீப்பர்களுக்கும் முகமூடி செய்து விற்றார். தொடர்ந்து 502 ஆட்டங்கள் முகமூடி இல்லாமல் நின்று, ஆட்டத்துக்கு முன் பதற்றத்தில் வாந்தி எடுத்துப் பழகிய கிளென் ஹால்கூட, செயின்ட் லூயி அணியில் பிளான்ட்டின் கூட்டாளியான ஆண்டில்தான் முகத்தை மூடிக்கொண்டார்.

நாற்பதுக்குப் பிறகு

1963இல் மான்ட்ரியல் அவரை நியூயார்க்குக்குக் கொடுத்துவிட்டது. பிளான்ட் பழக இனியவர் என்று யாரும் சொன்னதில்லை. தனித்தே இருப்பார், காசில் கெட்டி, கோல் விழுந்தால் தடுப்பாட்டக்காரர்கள் செய்த தவறைப் பத்திரிகைக்காரர்களிடம் விளக்கவும் தயங்கமாட்டார். டொரான்டோவில் விடுதி அறையே மூச்சைப் பிடிக்கிறது என்று அணியை விட்டு வேறு விடுதிக்குப் போய்விடுவார். சில அரங்கங்களில் வலையின் குறுக்குக் கம்பி ஒரே உயரத்தில் இல்லை என்று அடித்துச் சொன்னபோது சிரித்தார்கள். அளந்து பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. இப்படிப்பட்ட மனிதரோடு ஓர் அறையில் இருப்பது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கண்தான் அவரை அவராக்கியது.

1965இல் ஓய்வு பெற்றார். அந்த டிசம்பரில், மான்ட்ரியல் ஜூனியர் அணியோடு சேர்ந்து ஒரே ஓர் ஆட்டம் சோவியத் தேசிய அணியை எதிர்த்து நின்றார். 2-1 வெற்றி. 1968இல் செயின்ட் லூயி ப்ளூஸ் அழைத்தபோது வயது 39. ஹாலோடு பகிர்ந்து ஏழாவது வெசினாவை வாங்கினார். 1970 மே மாதம், ஸ்டான்லி கோப்பை இறுதியில், பாஸ்டனின் ஃபிரெட் ஸ்டான்ஃபீல்ட் அடித்த பக் திசைமாறி வந்து முகமூடியையே உடைத்தது. மயங்கி விழுந்த பிளான்ட், முகமூடி இல்லாவிட்டால் உயிர் போயிருக்கும் என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார்.

என் பார்வையில் அவர் எட்டிய உச்சம் அதற்கு அடுத்த பருவம். 1970-71இல் டொரான்டோவுக்காக ஆடியபோது, தன்மேல் வந்த அடிகளில் 94.4 விழுக்காட்டைத் தடுத்தார். சராசரியாக ஆட்டத்துக்கு இரண்டு கோல்கூட விடவில்லை. லீகில் அந்தக் கணக்கில் அவரே முதல்வர். அப்போது அவருக்கு 42 வயது. கால் மெதுவாகிவிட்ட வயதில் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்ற அறிவு மட்டுமே கைகொடுத்து அந்த எண்களைத் தந்தது. ஐந்து தொடர் கோப்பைகளைவிட இதை நான் மேலாக வைப்பேன்.

அந்த டொரான்டோ அணிக்கே பெர்னி பேரன்ட் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். சிறுவயதிலிருந்தே பிளான்ட்டை வழிபட்டவர். பிளான்ட் தன் இடத்துக்குப் போட்டியாக வந்தவருக்கு எதையும் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார். நிற்கும் கோணம், உடலின் சமநிலை, அடிப்பவரின் பழக்கத்தை மனத்தில் குறித்துவைப்பது. பிலடெல்பியா ஃபிளையர்ஸுக்குத் திரும்பிய பேரன்ட் 1974, 1975 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பையை வென்றார், இரண்டு ஆண்டும் வெசினா விருதும் பெற்றார். பிளான்ட் கோல் காப்பது பற்றித் தனியாகப் புத்தகமே எழுதினார். பின்னாளில் ஃபிளையர்ஸ் அணியில் கோல் கீப்பர்களுக்கான பயிற்சியாளராகவும் இருந்தார். இன்று ஒவ்வொரு பெரிய அணியிலும் அப்படி ஒருவர் சம்பளத்தோடு இருக்கிறார். பிளான்ட் ஆட வந்தபோது கோல் கீப்பருக்குச் சொல்லித்தர யாரும் கிடையாது, அடிபட்டுத்தான் கற்கவேண்டும்.

பாஸ்டனில் சில ஆட்டங்கள், கியூபெக் நோர்டிக்ஸில் ஓராண்டு மேலாளர் பொறுப்பு, பிறகு மறுபடியும் காப்பு கட்டிக்கொண்டு எட்மன்டன் ஆய்லர்ஸ். 1975இல் அடுத்த பருவத்துக்கான பயிற்சி முகாமில் இருந்தபோது இளைய மகன் இறந்த செய்தி வந்தது. அதோடு ஆட்டத்தை விட்டார். சுவிட்சர்லாந்தில் குடியேறினார். 1978இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1986 பிப்ரவரியில், 57 வயதில், வயிற்றுப் புற்றுநோயால் ஜெனீவாவில் இறந்தார். கியூபெக்கிலிருந்து போட்டிக்காகச் சுவிட்சர்லாந்து வந்திருந்த சிறுவர்கள் மட்டைகளை உயர்த்தி வளைவாகப் பிடிக்க, அதன் கீழே அவருடைய பெட்டி சென்றது. 837 ஆட்டங்கள், 437 வெற்றிகள், ஒரு கோலும் விடாத ஆட்டங்கள் 82. மான்ட்ரியலுக்காக அவர் பெற்ற 314 வெற்றிகளைக் கேரி பிரைஸ் தாண்டியது 2019இல்தான். என்.எச்.எல். லீகில் முகமூடி இல்லாமல் கடைசியாக ஆடியவர் பிட்ஸ்பர்க் அணியின் ஆண்டி பிரவுன். அது 1974 ஏப்ரலில் நடந்தது.

குளிர்கால ஒலிம்பிக் வரும்போது நம் தொலைக்காட்சியிலும் ஐஸ் ஹாக்கி காட்டுகிறார்கள். பக்கின் பின்னாலேயே கண்ணை ஓடவிடாமல் ஐந்து நிமிடம் கோல் கீப்பரை மட்டும் பாருங்கள். வலைக்குப் பின்னால் போய்ப் பக்கை நிறுத்திவைப்பார், தடுப்பாட்டக்காரர்களிடம் கத்துவார், அடிக்க வருபவரை நோக்கி இரண்டடி முன்னே சறுக்கி வருவார். அதையெல்லாம் அந்த வாசலுக்குக் கொண்டுவந்தவர் ஷாவினிகனின் ஆஸ்துமாப் பையன் ஜாக் பிளான்ட்.